கோப்பியின் இடது காது

சாலைக்கு அடியில் ஓடும் மதகின் வாயில் தடியால் மூன்று தட்டு. பிறகு அப்பாசாமி பின்வாங்கி நின்று, உள்ளேயிருந்து யாரோ பதில் சொல்லப்போகிறார்கள் என்பதைப்போல் காத்திருப்பார். எதுவும் வராது. மறுபடி ஒரு தட்டு. அதன் பிறகுதான் நாயைத் திரும்பிப் பார்ப்பார். நாய் இரண்டு காதுகளையும் முன்னால் நிமிர்த்தி, அந்த இருட்டைக் கொஞ்ச நேரம் கேட்கும். பின் தலையைத் தாழ்த்தி உள்ளே நுழைந்து, சாலைக்கு அந்தப் பக்கம் வெளியே வந்து உடம்பை உதறும். அப்போதுதான் அப்பாசாமி முதுகிலுள்ள எண்ணெய்த் தகரத்தைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, மதகுக்குள் குழாயை நீட்டுவார். எங்கள் பேட்டையான காஜா பெராங்கில் எத்தனை மதகு உண்டோ அத்தனைக்கும் இந்தச் சடங்கு உண்டு. போன மாதம் வரை இது மாறியதே இல்லை.

அவருக்கு முனிசிபாலிட்டியில் மலேரியா எண்ணெய் அடிக்கும் வேலை. தேங்கிய தண்ணீர் கண்ட இடத்தில் எண்ணெயைப் பீய்ச்ச வேண்டும். அது மயில் கழுத்து நிறத்தில் தண்ணீரின்மேல் விரிந்து மூடும். அடியில் நெளியும் கொசுப்புழு மூச்சு முட்டிச் சாகும். அவர் வருவதற்கு முன்பே அந்த வாசனை வந்துவிடும். துணிக்கொடியில் வேட்டி காயப்போட்டவர்கள் ஓடிவந்து எடுப்பார்கள். குட்டையான, கெட்டியான மனிதர். காதோரம் நரை. கழுத்தில் மட்டும் எப்போதும் நான்கு நாள் தாடி இருக்கும். நாவிதரின் கத்தியைத் தாடைக்குக் கீழே அவர் அனுமதிப்பதில்லை.

"நல்ல மனுசன்தாங்க. ஆனா அந்த நேரம் பாத்துத் தும்மல் வந்துச்சுன்னா? சொல்ல முடியாதுங்க" என்பார்.

'சொல்ல முடியாதுங்க' என்பது அவர் வாயில் நாளெல்லாம் கிடக்கும் வெற்றிலை. தென்னை மரத்தடியில் நிற்கமாட்டார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரமாட்டார். பஸ்ஸில் ஏறினால் கதவருகே நிற்பார். சம்பளத்துக்கு வரிசையில் நிற்கும்போதுகூட, கூரையிலுள்ள விரிசலை ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கும். ஆங்கிலேயர் போய் மெர்டேக்கா, நம்மவர் சுதந்திர ஆட்சி, வரப்போகிறது என்று ஊரே பேசும் இந்த நாட்களில், அவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "வரட்டுங்க, நல்லதுதான். கொசு இருக்கிற வரைக்கும் எண்ணெய் வேணுமில்லையா? ஆனா சொல்ல முடியாதுங்க" என்றார்.

அந்த நாய்க்குப் பெயர் கோப்பி. பால் விடாத கோப்பியின் நிறம். குட்டியாக இருந்தபோது, மழைக்குப் பிந்திய ஒரு காலையில் மதகுக்குள் சிக்கிக்கிடந்தது. அப்பாசாமி வெளியில் நின்று வெகுநேரம் கூப்பிட்டிருக்கிறார். அது வரவில்லை. இவர் உள்ளே போகவும் துணியவில்லை. கடைசியில் தடியின் நுனியில் தன் மதியச் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டி நீட்டி வெளியே இழுத்தாராம். அதுவரை மதகுகளுக்கு அவர் எப்படி எண்ணெய் அடித்தார் என்று யாருக்கும் தெரியாது. மதகுகளில் பாம்பு உண்டு. அவருடன் வேலை செய்த ஒருவரை நாகம் தீண்டி, தூக்கிக்கொண்டு வந்ததை அவர் பார்த்திருக்கிறார். கோப்பி வந்த பிறகு, உள்ளே ஏதாவது அசைந்தால் நாயின் காதுதான் முதலில் திரும்பும். நாய் உறுமினால் இவர் அந்த மதகை அன்று விட்டுவிடுவார். நாயின் காதை நம்பித்தான் இத்தனை வருஷம் அந்த இருட்டுகளுக்குள் குனிந்திருக்கிறார்.

பதிலுக்கு அவரும் ஒன்று செய்வார். கோப்பிக்கு வைக்கும் எதையும் முதலில் தான் ஒரு வாய் பார்ப்பார். சோறு, மீன் தலை, தண்ணீர் எதுவானாலும் சரி. அதில் ஏதாவது இருந்துவிட்டால் என்ற பயம்.

"எனக்கு ஒரு நாளாவது இப்படி ருசி பாத்துக் குடுத்திருப்பாரா, கேளுங்க வாத்தியாரய்யா" என்று அவர் மனைவி ருக்மணி வேலிக்கு மேலாக என்னிடம் சொல்வாள். "நான் செத்தா எது தின்னு செத்தேன்னே இந்த மனுசனுக்குத் தெரியாது."

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் மசூதி இருக்கும் நீளத்துக்கு நாய் அவருடன் வராது. மூலையில் அவர் ஒரு விரலை அசைத்தால் பின்சந்து வழியாக ஓடி, பிள்ளையார் கோவிலைத் தாண்டிய முனையில் உட்கார்ந்து காத்திருக்கும். தொழுகைக்கு வருகிறவர்களில் ஒருவராவது முகம் சுளித்துவிடக் கூடாதே என்று அப்பாசாமியே பழக்கிய ஏற்பாடு. பிரிந்து போகும் அந்தக் கொஞ்ச தூரம் முழுவதும் அவர் வேகமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீடுகளுக்கு இடையில் செம்பருத்தி வேலி ஒன்றுதான். மாசி மாதம் என் மனைவி இறந்தபோது அவர் வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. சாவு வீட்டுக்குள் நுழைய அவருக்கு நடுக்கம். வெயில் ஏறும்வரை கேட்டைப் பிடித்தபடி நின்றார். நாயும் நின்றது. அதற்குப் பிறகு பல வாரம் என் வீட்டுச் சாக்கடைக்கு மட்டும் எண்ணெய் இரண்டு முறை விழுந்தது.

போன மாதக் கடைசியில் கோப்பி தலையை உதற ஆரம்பித்தது. முதலில் ஈ உட்கார்ந்ததுபோல ஓர் உதறல். பிறகு காது மடல் பட்டுப்பட்டென்று கன்னத்தில் அடிக்கும்படி உதறியது. இடது காதைத் தரையில் தேய்த்துக்கொண்டே வட்டமாகச் சுற்றும். கிட்டே போனால் புளித்த மாவு வாடை. இரண்டு நாளில் தலை இடப்பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. வலி தாங்காமல் வாயைத் திறந்தபடி இருந்ததால் எச்சில் வழிந்தது.

காதுவலி என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் சில வருஷங்களுக்கு முன்புதான் வடக்கே வெறிநாய் நோய் பரவி, ஊர் ஊராக நாய்களுக்கு ஊசி போட்டார்கள். தலை சாய்ந்து, வாயொழுகி, வட்டமிடும் நாய் என்றால் இன்னும் யாரும் காது என்று நினைப்பதில்லை.

பொன்னுதுரையும் நினைக்கமாட்டார் என்பதுதான் அப்பாசாமியின் பயம். பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். அப்பாசாமியின் அதே முனிசிபாலிட்டி டிப்போவிலிருந்து காலையில் லாரி ஏறுகிறவர். லைசென்ஸ் தகடில்லாத தெருநாய்களைச் சுடுவது அவர் வேலை. வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி. அவரைப் பார்த்தால் தபாலாபீசில் முத்திரை விற்பவர் என்றுதான் தோன்றும். தேநீர் குடிக்கும்போது பிஸ்கோத்தில் ஒரு துண்டு கோப்பிக்குப் போடுவார். அதையும் அப்பாசாமி எடுத்து முனையைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் நாயிடம் விடுவார். பொன்னுதுரை அதற்குக் கோபித்ததில்லை.

அன்று அவர் பிஸ்கோத்துப் போடவில்லை.

"அப்பாசாமி, உன்ர நாய் ஏன் தலையைச் சரிச்சுக்கொண்டு நடக்குது?"

"காத்து பட்டிருச்சுங்க. ராத்திரி மழையில்ல."

"காத்தோ கிறுக்கோ, கெதியாப் பார்." அவர் குரலைத் தாழ்த்தினார். "மெர்டேக்காவுக்கு ஊரெல்லாம் தோரணம் கட்டுறாங்கள். பெரிய ஆக்கள் வருகினம். கிறுக்கு நாய் எண்டு ஆரும் ரெலிபோன் எடுத்தா, தகடு கிடக்கோ இல்லையோ எண்டு நான் பாக்கேலாது. விளங்குதோ?"

அப்பாசாமிக்கு விளங்கியது. கோப்பியின் கழுத்துப் பட்டையில் தொங்கும் பித்தளைத் தகடுதான் அதுவரை அவருக்கு ஒரு காவல். அது இனிமேல் காக்காது.

அன்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"அம்மாவுக்குக் கண்ணுல மருந்து விடுவீங்களே, கண்ணாடிக் குழா, ரப்பர் வச்சது. இருந்தாக் குடுங்க வாத்தியாரய்யா. கழுவித் தந்துர்றேன்."

அலமாரியில் என் மனைவியின் மருந்துகள் வைத்த இடத்திலேயே இருந்தன. குழாயை எடுத்துக் கொடுத்தேன். "கையில் என்ன?" என்று கேட்டேன்.

"தகர மூடி கிழிச்சிருச்சுங்க."

அவ்வளவுதான் சொன்னார். தகரம் கிழித்தால் அயோடின் தடவி, துருவினால் தாடை இறுகிச் செத்தவர்களின் கதை கேட்டு, ஒரு வாரம் என் வேலியருகே வந்து வாயைத் திறந்து திறந்து காட்டும் மனிதர். அன்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு போனார்.

என்ன மருந்து விடுவது என்பதில் அந்த வீட்டில் போர் மூண்டது. மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதுதான் ருக்மணியின் கட்சி. பின்வீட்டு மீனாச்சி, கம்போங் செட்டியில் பிறந்தவள். பெயரும் பொட்டும் பூஜையும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். எல்லாரும் அவளை, அத்தை என்ற பொருளில், பீபிக் என்று கூப்பிடுவோம். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தாரோ மிஞ்ஞாக் லா, சாமி" என்று தீர்ப்பு வழங்கினாள். எண்ணெய் விடு என்று அர்த்தம். பூண்டைத் தட்டித் தேங்காயெண்ணெயில் காய்ச்சி அவளே ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். தன் அப்பாவுக்கும் கோழிகளுக்கும் அதுதான் விட்டாளாம்.

அப்பாசாமி கிண்ணத்தை மோந்து பார்த்தார். விரல் வைத்துச் சூடு பார்த்தார். பிறகு தரையில் படுத்து, ருக்மணியின் கையில் குழாயைக் கொடுத்து, தன் வலது காதைக் காட்டினார்.

"நாய்க்குங்க" என்றாள் ருக்மணி.

"தெரியும். விடு."

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு இரவைக் கழித்துவிட்டு, காலையில் வேலியருகே வந்து முடிவைச் சொன்னார். "ஒண்ணும் பண்ணலைங்க. கொஞ்சம் ரச வாசன. ஆனா ஒண்ணு பாருங்க. என்னோடது நோவாத காது. கோப்பியோடது நோவுற காது. நோவுற காதுல இது போனா என்ன பண்ணும்? சொல்ல முடியாதுங்க."

"அப்ப உங்க காதையும் நோவ வச்சிட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து ருக்மணி சொன்னாள். "நாயி காத்திருக்கும்."

மிருக வைத்தியசாலைக்கு அவர் ஏன் போகமாட்டேன் என்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்குச் சொன்னார். அந்தக் கட்டடத்துப் பின்பக்கச் சாக்கடையும் அவர் எண்ணெய் அடிப்பதுதான். அங்கே கம்பிக் கூண்டுகள் வரிசையாக இருக்கின்றன. சந்தேகப்பட்ட நாயை அதில் போட்டு வைத்துப் பார்ப்பார்களாம். "போறதப் பாத்திருக்கேன். வர்றதப் பாத்ததில்லைங்க."

அதனால் அவர் தனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றிடம் போனார். உலகத்தில் அவர் பயப்படாத பொருள் ஒன்றுண்டு என்றால் அது முனிசிபாலிட்டி எண்ணெய்தான். இத்தனை வருஷமாக அதை முதுகில் சுமந்து, மூச்சில் வாங்கி, அதன் கையால் சோறு தின்றிருக்கிறார். விட்ட இடத்தில் புழு நின்றதில்லை. காதுக்குள் அரிப்பதும் ஒரு புழுதானே என்பது அவர் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ருக்மணி கடைக்குப் போயிருந்த நேரத்தில், கண்ணாடிக் குழாயில் அதை எடுத்தார். ஆனால் வழக்கத்தை மீறவில்லை. கோப்பிக்கு எந்தக் காதோ அதே காதில், முதல் சொட்டைத் தனக்கு விட்டுக்கொண்டார்.

நான் கேட்டது ஒரு முனகல். பிறகு தகரம் உருளும் சத்தம். வேலியைத் தாண்டிப் போனபோது குழாயடியில் உட்கார்ந்து, காதுக்குள் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிந்தது. கோப்பி எதிரே நின்று, அவரைப் பார்த்துத் தலையைச் சாய்த்தபடி வாலை ஆட்டியது.

"நல்ல வேளைங்க" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "அதுக்கு விட்டிருந்தேன்னா?"

மறுநாள் டிப்போவுக்கு இருவரும் ஒரே மாதிரி போனார்கள். மனிதர் தலை இடப்பக்கம், நாய்த் தலை இடப்பக்கம். கூலிகள் சிரித்தார்கள். பொன்னுதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாராம்.

"இப்ப ரெண்டு பேரும் சரிஞ்சு போறியள். நான் ஆரைச் சுடுறது?"

எல்லாரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அப்பாசாமியும் சிரித்தார். அன்றைய முதல் மதகில் தடியால் தட்டினார், கோப்பி வாசலில் நின்று தலையை உதறியது, உள்ளே போகவில்லை. அவரும் போகவில்லை. தகரத்தை இறக்கிவைத்துவிட்டு, வேலை நேரத்தில் முதல் தடவையாக வீட்டுக்குத் திரும்பி வந்து, பள்ளியிலிருந்து நான் வரும்வரை கேட்டருகே நின்றிருந்தார்.

"நீங்களும் வாங்க வாத்தியாரய்யா. இங்கிலீசுல கேட்டா ஒளிக்க மாட்டாங்க."

வைத்தியசாலை செமாபோக் போகும் சாலையில் இருக்கிறது. நடந்தால் ஊர் முழுக்கப் பார்க்கும். ஒரு திரிஷா சைக்கிள்வண்டி பிடித்தோம். ஓட்டிய சீனக் கிழவர் நாயை ஒரு தரம் பார்த்துவிட்டு, தன் முழங்காலை அதன் வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டார். அப்பாசாமி கோணிச்சாக்கை விரித்து, அதைத் தலையோடு போர்த்தி மடியில் அணைத்துக்கொண்டார். சாக்கு உதறிக்கொண்டே இருந்தது.

வழியெல்லாம் மூங்கில் வளைவுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஏணிகளில் ஆட்கள் வண்ணத்துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுப் பாலத்தருகே வண்டிகள் நின்றன. அப்போது பார்த்து, சாக்குக்குள்ளிருந்து கோப்பி நீளமாக ஓலமிட்டது. நடைபாதையில் ஒரு பெண் குழந்தையை இழுத்துக்கொண்டாள். "அஞ்சிங் கிலா" என்று யாரோ சொன்னார்கள். பைத்தியம் பிடித்த நாய். ஏணியிலிருந்த ஒருவர் திரும்பினார். இன்னொருவர் திரும்பினார்.

எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது பொன்னுதுரையின் லாரி.

அவர் பின்தட்டில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மடியில் குறுக்கே கிடந்தது. என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். அப்பாசாமி குனிந்து, தன் முதுகு முழுவதையும் நாயின்மேல் கவிழ்த்துக்கொண்டார். நடைபாதைக் குரல் இன்னொரு முறை சொன்னது. பொன்னுதுரை நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். வண்டிகள் நகரும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில்லாமல் அவருக்கு எதிர்க் கடைப் பலகைகூடத் தெரியாது என்பது டிப்போவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

மிருக வைத்தியர் இளைஞர், கொச்சிப் பக்கத்துக்காரர். ஆங்கிலத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். சாப்பிடுகிறதா? கொஞ்சம். தண்ணீர் குடிக்கிறதா? குடிக்குது. யாரையாவது கடித்ததா?

இந்தக் கேள்வியை நான் சொல்லி முடித்ததும் அப்பாசாமி சுவரைப் பார்த்தார். கோப்பி மேஜைமேலிருந்து கழுத்தை நீட்டி, அவர் பின்னால் மறைத்து வைத்திருந்த கையைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தத் துணிக்கட்டை நக்கியது.

வைத்தியர் கையை நீட்டினார். அப்பாசாமி கட்டைத் தானே அவிழ்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் பதிந்திருந்தது. ஒன்று ஆழம். காதைத் துடைக்கப்போனபோது கடித்திருக்கிறது. பொன்னுதுரை எச்சரித்த அதே நாள் சாயங்காலம். தும்மலுக்குப் பயந்து கழுத்தைச் சிரைக்காத மனிதர், வெறிநாய்க்கடி என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்தவர், அத்தனை நாளும் அதை மறைத்து வைத்துக்கொண்டு எண்ணெய் அடித்திருக்கிறார். சொன்னால் நாய் போய்விடும் என்பதற்காக.

தகட்டைத் திருப்பிப் பார்த்தார் வைத்தியர். இந்த வருஷத்து ஊசி போட்டிருந்தது. வலியில் கடித்ததாகவே இருக்கும் என்றார். ஆனாலும் கடித்த நாயைக் கொஞ்ச நாள் இங்கேயே வைத்துப் பார்ப்பதுதான் முறை என்று கொல்லைப்புறத்தைக் காட்டினார். நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அப்பாசாமி நாயைக் கட்டிக்கொண்டார்.

"நாயிக்கு வெறி இருந்தா எனக்கும் இருக்குமில்லையா? ரெண்டு பேரையும் ஒரே கூண்டுல வைக்கச் சொல்லுங்க. நான் சத்தம் போடமாட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன். வைத்தியர் நாயின் வாயைத் துணியால் கட்டச் சொல்லிவிட்டு, ஒரு சின்ன விளக்கைக் காதுக்குள் காட்டி நெடுநேரம் பார்த்தார். நீண்ட இடுக்கியை விட்டு எதையோ பிடித்து இழுத்தார். கோப்பி அலறியது. இடுக்கி முனையில் சீழோடு வந்தது ஒரு புல்முள். சாக்கடைக் கரைகளில் வேட்டியெல்லாம் குத்தி நிற்குமே, அந்த ஒட்டுப்புல்லின் விதை. மதகுக்குள் தலையை விட்டபோது ஏறியிருக்க வேண்டும்.

தலை சாய்ந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்றார் வைத்தியர். நிச்சயமாகச் சொல்ல இன்னும் சில நாள் போகவேண்டும். சங்கிலியில் கட்டி, யாரையும் அண்டவிடாமல் வைத்துக்கொள்வதானால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தினமும் தண்ணீர் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடிக்கத் திணறினால் உடனே சொல்லியாக வேண்டும். அப்பாசாமி உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையைக் காட்ட வேண்டும். இவ்வளவையும் நான் ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னேன். அப்பாசாமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

பிறகு வைத்தியர் காதைக் கழுவித் துடைத்து, பழுப்பு நிற மருந்தைக் குழாயில் எடுத்தார். அப்பாசாமி குறுக்கே வந்தார். மேஜையின் விளிம்பில் கன்னத்தை வைத்துக் குனிந்து, வெந்து சிவந்திருந்த தன் இடது காதை வைத்தியருக்கு நேரே திருப்பிக் காட்டினார்.

"இப்ப இதுவும் நோவுற காதுதாங்க. முதல்ல இதுல விட்டுப் பாக்கச் சொல்லுங்க."

வைத்தியர் என் முகத்தைப் பார்த்தார். இதற்கு ஆங்கிலம் என்னிடம் இல்லை.

ஆஸ்பத்திரியில் கையையும் காதையும் கழுவி மருந்து வைத்தார்கள். ஊசியைப் பற்றி டாக்டர் சொன்னது சுருக்கமானது: நாய் நன்றாக இருந்தால் இவருக்கு ஒன்றும் வேண்டாம், நாய்க்கு ஏதாவது ஆனால் அதே நாள் வரவேண்டும், வயிற்றைச் சுற்றி ஊசி போடவேண்டும், அதுவும் பலிக்கும் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. அதைக் கேட்டதிலிருந்து அப்பாசாமி தன் வழக்கச் சொல்லைச் சொல்வதில்லை. மேற்பார்வை மண்டோர் அவருக்கு லீவு கொடுத்திருக்கிறார். காஜா பெராங்கின் மதகுகளுக்கு வேறு யாரோ எண்ணெய் அடிக்கிறார்கள்.

கோப்பி கொல்லையில் ரம்புத்தான் மரத்தடியில் கட்டிக் கிடக்கிறது. பொன்னுதுரை ஒரு மாலை வந்தார். துப்பாக்கி இல்லை. வேலிக்கு வெளியிலேயே நின்று, "தண்ணி குடிக்குதோ?" என்று கேட்டார். "குடிக்குதுங்க" என்றார் அப்பாசாமி. "நீ?" என்று கேட்டார் பொன்னுதுரை. அதற்கு ருக்மணிதான் பதில் சொன்னாள். "அவரும் குடிக்கிறாரு. நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க." அவள் இப்போது கேலி செய்வதில்லை. சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நாய்க்கு வைக்கும் முன் ருசி பார்க்கும் பழக்கத்தை அவர் பாதி விட்டுவிட்டார். சோற்றில் மட்டும் பார்க்கிறார். தண்ணீரில் முதல் வாய் இப்போது நாயுடையது.

காவல் நாட்கள் இன்னும் முடியவில்லை. இன்று காலையும் வேலியருகே நின்று பார்த்தேன். அப்பாசாமி தட்டில் தண்ணீரை ஊற்றி, சங்கிலி எட்டும் இடத்துக்குத் தடியால் தள்ளி வைத்தார். அவர் கையில் ஒரு தம்ளர். அதிலும் தண்ணீர்.

"குடிங்களேன்" என்றாள் ருக்மணி, தாழ்ந்த குரலில்.

அவர் அசையவில்லை. கோப்பி எழுந்து, தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தபடியே வந்து, தட்டை மோந்தது. நின்றது. நீரில் தெரிந்த ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்பாசாமி கேட்கும் வலது காதைத் தட்டுப் பக்கம் திருப்பி, மதகு வாயில் நிற்பதைப்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாக்கு தண்ணீரை அள்ளும் சளப்புச் சத்தம் ஒன்று கேட்டது. இரண்டாவதும் கேட்டது. அவர் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார்.